அஃறிணையின் மௌனம்

1

சமீப காலமாக நம் நண்பர்கள் இலக்கியத்தைவிட அரசியலையே அதிகம் பேசுகிறார்கள். இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தேர்தலும் யுத்தமும் கவிஞனுக்குத் தீட்டு என்று ஒதுங்கும் சுத்த இலக்கியவாதிகளின் கட்சியில் நான் இல்லை. என் புகார் விமர்சகன் என்ற முறையில் எழுவது. ஒரு சிறுகதையில் அட்டையில் வெட்டிய நல்லவனும் கெட்டவனும் வந்தால் இரண்டே வரியில் அதைத் தீர்த்துக்கட்டும் நம் விமர்சகர், சாயங்காலம் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்ததும் 'மக்கள் பாடம் கற்பித்துவிட்டார்கள்' என்கிறார். 'ரஷ்யா பொறுமை இழந்துவிட்டது' என்கிறார். 'சர்வதேச சமூகம் மௌனம் காக்கிறது' என்கிறார். மக்கள், ரஷ்யா, சர்வதேச சமூகம். மூன்று பாத்திரங்கள். மூன்றுக்கும் மனசு உண்டு, கோபம் உண்டு, பொறுமை உண்டு. முகம் மட்டும் இல்லை. இப்படி மூன்று பாத்திரங்களோடு ஒரு நாவல் வந்தால் நாம் அதை மதிப்புரைக்குக்கூட எடுத்துக்கொள்ள மாட்டோம்.

இது வெறும் நடைப் பிரச்னை என்று தோன்றலாம். அப்படியில்லை என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆங்கிலத்தில் ஜார்ஜ் ஆர்வெல் 1946இலேயே அரசியலின் மொழிக் கேட்டைப் பற்றி எழுதிவிட்டார். நம்மவர்கள் அவர் பெயரைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் தம் மொழியில் செய்த சோதனையை நாம் நம் மொழியில் செய்ய வேண்டும். தமிழில் அதற்கு ஒரு சௌகரியம் இருக்கிறது: திணை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணி மறந்துவிட்ட அந்த வேறுபாடு, அரசியல் வாக்கியத்தின் பொய்யைச் சட்டென்று காட்டிக் கொடுத்துவிடும்.

2

முதலில் மக்கள். 'மக்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள்' என்ற வாக்கியத்தில் வினைமுற்று பன்மையில்தான் இருக்கிறது. அவர்கள் பலர் என்பது இலக்கணத்துக்குத் தெரியும். பேசுபவருக்குத்தான் தெரிவதில்லை. அவர் மனசில் இருப்பது ஒரே ஒரு நீதிபதி. அந்த நீதிபதி ஐந்து வருஷம் எல்லாவற்றையும் கவனித்து, நிறுத்துப் பார்த்து, ஒரு நாள் சாவடிக்குள் போய்த் தீர்ப்பு எழுதிவிட்டு வருகிறார். மறுநாள் முதல் அந்தத் தீர்ப்புக்கு உரை எழுதுவதே நம் அரசியல் விமர்சனம்.

கணக்கைப் பார்க்கலாம். 2014 பாராளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க.வுக்கு நூற்றுக்கு 44 அளவில் வாக்கு. இடங்கள் 39இல் 37. தி.மு.க.வுக்கு நூற்றுக்கு 23க்கு மேல் வாக்கு. இடம் ஒன்றுகூட இல்லை. பத்து வருஷம் கழித்து 2024இல் தி.மு.க. அணிக்குப் பதிவானதில் பாதிக்கும் குறைவான வாக்கு. இடங்கள் 39க்கு 39. இரண்டு தடவையும் 'தமிழகம் ஒரே குரலில் பேசியது' என்றுதான் படித்தோம். இரண்டு தடவையும் பாதிக்கு மேற்பட்டவர்கள் வேறு எதையோ பேசியிருக்கிறார்கள். அவர்கள் மக்கள் இல்லையா?

2016 சட்டசபைத் தேர்தல் இன்னும் வேடிக்கை. இரண்டு பெரிய அணிகளுக்கும் இடையே வித்தியாசம் நூற்றுக்கு ஒன்று அளவு. மே மாதம் வந்த முடிவில் இடங்கள் 134க்கு 98. 1984க்குப் பிறகு முதல் தடவையாக ஆளுங்கட்சி திரும்பி வந்தது என்பதால் அதற்கு ஒரு மனோதத்துவமே எழுதப்பட்டது: தாய்மை, நன்றி, இலவசம், இன்னும் என்னென்னவோ. ராதாபுரம் தொகுதியில் வித்தியாசம் 49 வாக்கு. ஒரு கல்யாணப் பந்தியின் ஒரு வரிசையில் உட்காரக் கூடியவர்கள். அவர்கள் அன்று வேறு மாதிரி நினைத்திருந்தால் ராதாபுரத்தின் 'ஆன்மா'வைப் பற்றி நேர் எதிரான கட்டுரை வந்திருக்கும். அதையும் அதே விமர்சகர்தான் எழுதியிருப்பார்.

டில்லிக்குப் போனாலும் கதை இதுதான். 2019இல் பா.ஜ.க.வுக்கு 303 இடம், 2024இல் 240. அறுபத்து மூன்று இடங்கள் போயின. நாடு தழுவிய வாக்கு விகிதம் குறைந்தது நூற்றுக்கு ஒன்று அளவில்தான். 'மக்கள் அகந்தையைத் தண்டித்தார்கள்' என்று எழுதினோம். தண்டித்தவர்கள் உண்டு, உத்தரப் பிரதேசத்தில் அவர்களை எண்ணிக்கூடக் காட்டலாம். ஆனால் ஓரிடத்தில் தண்டித்தவர்களையும் வேறிடத்தில் பரிசளித்தவர்களையும் ஒரே ஆளாக்கி அவருக்கு ஒரு மனமாற்றத்தைக் கற்பிப்பது, பழைய தொடர்கதைகளின் கடைசி அத்தியாய உத்தி.

இங்கிலாந்து இன்னும் பச்சையான உதாரணம். அங்கே 2024இல் தொழிற்கட்சிக்கு 650இல் 411 இடம், 2019இல் 202. இரு மடங்கு. வாக்களித்தவர்களின் எண்ணிக்கையோ 2019இல் ஒரு கோடிக்கு மேல், 2024இல் ஒரு கோடிக்குக் கீழே. குறைவான பேர் சேர்ந்து இரு மடங்கு இடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். எதிர்ப்பக்க வாக்குச் சிதறியது, முதலில் வந்தவனுக்கே இடம் என்ற விதி மீதியைப் பார்த்துக்கொண்டது. இதில் தீர்ப்பு எங்கே, நீதிபதி எங்கே?

தேர்தலுக்கு அர்த்தமே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆட்சியை ரத்தம் சிந்தாமல் மாற்றும் வழி அது ஒன்றுதான். அதன் அர்த்தம் அதன் விதிகளில் இருக்கிறது: யார் யாரோடு சேர்ந்தார், யார் தனியாக நின்று யாருடைய வாக்கைப் பிரித்தார், தொகுதியின் எல்லையை வரைந்தது யார், செலவுக்குப் பணம் தந்தது யார். 'மக்கள் தீர்ப்பு' என்று சொன்ன மாத்திரத்தில் இந்த நாலு கேள்விகளும் கேட்கப்படாமலே அடங்கிவிடுகின்றன. உருவகத்தின் வேலையே அதுதான்.

3

நாலாவது கேள்வியை ஒரு குமாஸ்தாவாகத் தொடர விரும்புகிறேன். வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்று தெரியும்: பணத்துக்குப் பெயர் உண்டு. பெருந்தொகையை ரொக்கமாகக் கட்ட வரும் கிழவரிடம் வருமானவரி எண் கேட்காமல் நான் சலானை வாங்க முடியாது. கையெழுத்து ஒரு சுழி மாறினால் காசோலை திரும்பிவிடும்.

இந்த நாட்டில்தான் 2018 ஜனவரியில் தேர்தல் பத்திரத் திட்டம் அறிவிக்கை ஆயிற்று. ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி வரை ஐந்து மதிப்புகளில் பத்திரம். பாரத ஸ்டேட் வங்கியில் வாங்கலாம். பதினைந்து நாளுக்குள் கட்சி அதை மாற்றிக்கொள்ள வேண்டும். பத்திரத்தின் மேல் வாங்கியவர் பெயர் கிடையாது, பெறுபவர் பெயர் கிடையாது. புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும்படி ஓர் எண் இருந்தது. கம்பெனிகள் தங்கள் லாபத்தில் இத்தனை சதவிகிதம்தான் கட்சிகளுக்குத் தரலாம் என்றிருந்த உச்சவரம்பு அதற்கு முந்திய வருஷமே எடுக்கப்பட்டிருந்தது. 2024 ஜனவரி வரை விற்ற பத்திரங்கள் பதினாறாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் இது வாக்காளனின் அறியும் உரிமையை மீறுகிறது என்று சொல்லித் திட்டத்தை ரத்து செய்தார்கள்.

பிறகு நடந்ததுதான் விமர்சகனுக்கு முக்கியம். விவரங்களைத் தர வங்கி ஜூன் 30 வரை, அதாவது தேர்தல் முடிந்த பிறகு வரை, அவகாசம் கேட்டது. வாங்கியவர் பட்டியல் ஓரிடத்தில், மாற்றியவர் பட்டியல் வேறிடத்தில். பொருத்திப் பார்க்க நாளாகும் என்பது வாதம். மார்ச் 11இல் நீதிமன்றம் மறுத்தது. மறுநாளே விவரம் போய்விட்டது. மார்ச் 14இல் வெளியானவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பட்டியல்கள். பற்று ஒரு பேரேட்டில், வரவு ஒரு பேரேட்டில், நடுவே பாலம் இல்லை. நீதிமன்றம் மறுபடி அதட்டிய பின் மார்ச் 21இல் அந்த எண்கள் வந்தன. அதன் பிறகுதான் எழுவாயும் பயனிலையும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்தன. இன்னார் இன்னாருக்கு இவ்வளவு கொடுத்தார்.

மிக அதிகம் பெற்றது பா.ஜ.க. மிக அதிகம் வாங்கியது ஒரு லாட்டரிக் கம்பெனி, 1,368 கோடிக்கு. அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு வந்தது. மார்க்சிஸ்ட் கட்சி பத்திரமே வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பட்டியலுக்கு நம் வட்டத்தில் எவ்வளவு நேரம் ஒதுக்கப்பட்டது? நண்பர் ஒருவர், 'எல்லாம் தெரிந்ததுதானே, முதலாளித்துவம்' என்று சிகரெட்டை அணைத்தார். முதலாளித்துவம்! மறுபடி ஒரு பாத்திரம். பெயர்கள் கிடைத்த அன்றே அவற்றை ஒரு பொதுச் சொல்லுக்குள் போட்டு மூடியாயிற்று.

இந்த முரண்பாட்டைத்தான் நான் சுட்ட விரும்புகிறேன். ஆளே இல்லாத இடத்தில் ஓர் ஆளைப் படைக்கிறோம், அவருக்கு மக்கள் என்று பெயர். பெயரும் முகவரியுமாக ஆட்கள் இருக்கும் இடத்தில் அவர்களை அழித்துவிட்டு ஒரு தத்துவத்தை உட்கார வைக்கிறோம். இரண்டாலும் லாபம் ஒரே தரப்புக்கு. அது நம் தரப்பு அல்ல.

4

வெளிநாட்டு விவகாரத்துக்கு வருவோம். இங்கேதான் திணை உதவுகிறது. 'அரசு கவலை கொண்டுள்ளது', 'உலகம் வேடிக்கை பார்த்தது', 'சர்வதேச சமூகம் மௌனம் காத்தது'. எல்லாமே அஃறிணை. மனிதர்கள் கூடிச் செய்ததை ஒரு பொருள் செய்ததாகச் சொல்கிறோம். பொருளைக் குற்றம் சாட்ட முடியாது.

கடைசி வாக்கியத்தைத் தமிழ்க் கவிதை 2009க்குப் பிறகு எத்தனை தடவை எழுதியிருக்கிறது! முள்ளிவாய்க்காலைப் பற்றிய நம் துக்கம் உண்மையானது. அதை நான் சந்தேகிக்கவில்லை. அந்த வாக்கியம்தான் உண்மையானது அல்ல. சர்வதேச சமூகம் மௌனம் காக்கவில்லை. அது வாக்களித்தது.

யுத்தம் முடிந்த பத்து நாட்களுக்குள், 2009 மே 27 அன்று, ஜெனீவாவில் மனித உரிமைக் கவுன்சில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. மனித உரிமைகளை மேம்படுத்த இலங்கைக்கு உதவி என்பது அதன் தலைப்பு. அது யுத்தம் முடிந்ததை வரவேற்றது, இடம் பெயர்ந்தோருக்காக அரசு எடுத்த நடவடிக்கைகளைப் பாராட்டியது. சர்வதேச விசாரணை எதையும் கேட்கவில்லை. ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. ஆதரித்தவர்களில் இந்தியா, சீனா, பாகிஸ்தான், ரஷ்யா நான்கும் உண்டு. உலகத்தில் வேறெதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனார்கள். கியூபா, நிகராகுவா, பொலிவியா உண்டு; நம் கவிஞர்கள் புரட்சியின் பெயரால் காதலித்த தேசங்கள். தென்னாப்பிரிக்கா உண்டு. எதிர்த்தவர்களில் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி போன்ற, நாம் ஏகாதிபத்தியம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் நாடுகள். கூடவே மெக்சிகோவும் சிலியும். உக்ரைன் நடுநிலை வகித்தது.

இந்தப் பட்டியல் ஒரு கவிதையைவிடக் கொடுமையானது. இதற்கு முன்னால் இடதுசாரி நண்பர் தம் வரைபடத்தை மடித்து வைக்க வேண்டியிருக்கும். மேற்கை நம்பும் நண்பரும் அவசரப்பட்டு மகிழ முடியாது, ஏனெனில் அதற்கு முந்திய மாதங்களில் பாதுகாப்புக் கவுன்சில் இலங்கையைத் தன் முறையான நிகழ்ச்சி நிரலில் சேர்க்காமல் இருந்தபோது அங்கே பிரிட்டனும் பிரான்சும் நிரந்தர உறுப்பினர்களாகத்தான் உட்கார்ந்திருந்தன. 'மௌனம்' என்ற சொல் இத்தனை சங்கடங்களிலிருந்தும் எல்லோரையும் காப்பாற்றிவிடுகிறது. கியூபாவையும் காப்பாற்றுகிறது, டில்லியையும் காப்பாற்றுகிறது, எழுதியவனையும் காப்பாற்றுகிறது.

டில்லியின் கை பிறகு என்ன செய்தது என்பதும் பதிவில் இருக்கிறது. 2012 மார்ச்சில் அதே கவுன்சிலில் இலங்கை எதிர்த்த தீர்மானத்துக்கு ஆதரவு, 2014இல் நடுநிலை. உக்ரைன் விஷயத்தில் 2022 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் ரஷ்யாவைக் கண்டித்தபோது நடுநிலை. காஸா விஷயத்தில் 2023 அக்டோபரில் நடுநிலை, டிசம்பரில் போர்நிறுத்தத்துக்கு ஆதரவு. ஒவ்வொரு தடவையும் ஒரு மந்திரிசபை, ஓர் அமைச்சகம், கூட்டணிக் கட்சிகளின் நெருக்குதல், எண்ணெய் விலை, ஆயுத ஒப்பந்தம் எல்லாம் அந்தக் கைக்குப் பின்னால் இருந்தன. 'இந்தியா தர்மசங்கடத்தில் இருக்கிறது' என்று எழுதுபவர் இவற்றையெல்லாம் ஒரு பெண்ணின் மனநிலையாக மாற்றிவிடுகிறார். நாவலில்கூட இன்று இப்படி யாரும் எழுதுவதில்லை.

5

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

ஒன்று: உருவகம் இல்லாமல் மொழி இல்லை, 'மக்கள்' என்பது ஒரு சுருக்கெழுத்து. சரி. சுருக்கெழுத்தை விரித்துப் படிக்கத் தெரிந்தவன் பயன்படுத்தினால் எனக்குச் சம்மதம். விரிக்கச் சொன்னால் கோபப்படுகிறவனிடம் இருப்பது சுருக்கெழுத்து அல்ல, கோஷம்.

இரண்டு: எண்ணைக் கும்பிடுவது குமாஸ்தாவின் வியாதி. எண்ணும் பொய் சொல்லும் என்பது எனக்குத் தெரியும். 2024 ஜூன் 1 மாலை வந்த கருத்துக் கணிப்புகள் பெரும்பாலும் ஆளும் அணிக்கு 350க்கு மேல் கொடுத்தன. ஜூன் 4இல் எண்ணி முடித்தபோது 293. அந்த எண்கள் புள்ளிவிவர வேஷம் கட்டிய ஜோசியம். நான் கேட்பது எண்ணை அல்ல. கை தூக்கியவன் யார், பணம் கட்டியவன் யார், எந்த விதியின்படி 44 என்பது 37 ஆயிற்று என்பதைத்தான். கவிதையில் படிமம் ஸ்தூலமாக இருக்க வேண்டும் என்று 'எழுத்து' காலத்திலிருந்து சண்டை போட்டவர்கள் நாம். அந்தச் சண்டையை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்திவிட்டு வருவது என்ன நியாயம்?

சுத்த இலக்கியவாதிகளுக்கும் ஒரு வார்த்தை. 'ஜனங்கள் மந்தை' என்று அவர்கள் அலுத்துக்கொள்வதும் இதே பாத்திரப் படைப்புதான். ஒருவர் மக்களை நீதிபதியாக்குகிறார், மற்றவர் ஆட்டுக் கூட்டமாக்குகிறார். இருவருமே எண்ண மறுக்கிறார்கள்.

இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்கள் சில நூறு பேர். நம்மால் எந்த ஆட்சியும் மாறாது, எந்த யுத்தமும் நிற்காது. ஒரு வாக்கியத்துக்கு எழுவாய் கேட்பது மட்டுமே நம் கையில் இருக்கும் வேலை. அதையும் விட்டுவிட்டால் தலையங்கக்காரர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் அச்சுப் பிரதிகளின் எண்ணிக்கைதான். ஆசிரியருக்கு என் யோசனை இது: 'மக்கள் தீர்ப்பு', 'சர்வதேச சமூகம்' என்ற இரண்டு தொடர்களும் கட்டுரையிலோ கவிதையிலோ வந்தால், ஓரத்தில் 'யார்?' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்புங்கள். ஓர் இதழ் மெலிந்து வரலாம். வரட்டும்.