மதிலுக்குள் ஒரு மைதானம்

சென்னைப் புறநகர்ப் பங்கு ஒன்றில் அண்மையில் ஒரு புதுமனை மந்திரிப்புக்குச் சென்றிருந்தோம். அருட்தந்தை அறைதோறும் தீர்த்தம் தெளித்து முடித்ததும், வீட்டுத் தலைவர் எல்லாரையும் கொல்லைப்புறம் அழைத்துச் சென்றார். மாமரம் நின்ற இடத்தில் பச்சை வண்ணம் பூசிய ஷட்டில் கோர்ட். வெண்கோடுகள், வலை, சுற்றிலும் கம்பி வேலி, இரவிலும் ஆட விளக்குகள். அதற்கும் தீர்த்தம் தெளிக்கப்பட்டது. நாமும் கைதட்டினோம். மாலையில் அவ்வீட்டுப் பிள்ளைகள் அடித்த இறகுப்பந்து காற்றில் மதிலைத் தாண்டிச் சந்தில் விழுந்தது. அங்கு நின்ற சிறுவன் ஒருவன் அதை எடுத்து வந்து வாயிற்கதவின் கம்பிகளுக்கிடையே நீட்டினான். பந்து உள்ளே சென்றது. அவன் வெளியே நின்றான். அவனும் நம் பங்கின் மறைக்கல்வி வகுப்புக்கு வருகிறவனே.

விளையாட்டை நாம் பழிக்கவில்லை. திருச்சபையும் பழிப்பதில்லை. துரின் நகரில் 1841 முதல் ஏழைச் சிறுவர்களைத் திரட்டிய புனித தொன் போஸ்கோ, அவர்கள் எழுப்பிய இரைச்சலைப் பொறுக்காத அண்டை வீட்டாரால் இடம் விட்டு இடம் துரத்தப்பட்டார். 1846 உயிர்ப்புப் பெருவிழா நாளில்தான் வால்தோக்கோவில் ஒரு கொட்டகையும் அதை ஒட்டிய நிலமும் வாடகைக்குக் கிடைத்தன. வீடு, ஆலயம், பள்ளி, விளையாட்டுத் திடல் ஆகிய நான்கும் சேர்ந்ததே அவர் கண்ட இல்லம். அவருடைய துறவியர் 1906-இல் தஞ்சைக்கு வந்தபோது அந்த மரபையும் உடன் கொண்டுவந்தனர். சொந்த முற்றம் இல்லாதவனுக்காகவே அந்தத் திடல் இருந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

நம் பங்குகளிலும் அத்தகைய திடல் இருந்தது. ஆலயத்துக்கும் பள்ளிக்கும் நடுவே செம்மண் தரை. இரண்டு கம்பங்கள், ஒரு கைப்பந்து வலை. ஆசிரியர் மகனும் கொத்தனார் மகனும் அங்கே ஒரே அணியில் நின்றார்கள். ஒரே அப்பத்தை உண்டுவிட்டுச் சாதித் தெருக்களுக்குப் பிரிந்து சென்ற நம்மிடையே, மறையுரைகள் செய்யாததைச் சில மாலைகளில் கபடி செய்தது. ஆளைத் தொடாமல் கபடி ஆட முடியாது. இன்று அந்தச் செம்மண்ணின் மேல் பேவர் பிளாக் கற்கள் பதிந்துள்ளன. ஞாயிறுதோறும் அங்கே கார்கள் நிற்கின்றன. பங்குப் பேரவையில் அதற்குக் கைதூக்கியவர்கள் வேறு யாருமல்லர், நாமே. பொதுத் திடலை முதலில் காருக்குக் கொடுத்தோம். பிறகு நம் பிள்ளைகளுக்கு மட்டும் மதிலுக்குள் ஒன்று கட்டிக்கொண்டோம்.

சென்னையில் மனையை அளக்கும் சொல்லும் விளையாடும் இடத்தைக் குறிக்கும் சொல்லும் ஒன்றே: கிரவுண்டு. மனைக் கணக்கில் அது 2,400 சதுர அடி. இரட்டையர் ஆடும் இறகுப்பந்துக் களத்தின் அளவு 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். ஏறத்தாழ 880 சதுர அடி. சுற்றிலும் ஓடியாட இடம் விட்டால் அரைக் கிரவுண்டு கரைந்துவிடும். அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 800 லிட்டருக்கு மேல் நீர் விழும். சிமெண்டுத் தளம் அதில் ஒரு சொட்டையும் மண்ணுக்குத் தராது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2019 கோடையில் குடங்களோடு நின்ற வரிசைகளையும் கண்ட ஊர் இது.

மறுப்புகள் எழும் என்பதை அறிவோம். "எங்கள் பணம், எங்கள் மண், யார் கேட்பது?" என்பர். சட்டம் கேட்காது, நற்செய்தி கேட்கும். முறையாக ஈட்டிய உடைமையையும் தனக்கு மட்டும் உரியதாகக் கருதாமல் பிறருக்கும் பயன்படுமாறு வைத்திருக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இலேயே நமக்குக் கற்பித்தது.

"பெண் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவே கட்டினோம்" என்பர். இது வலுவான வாதம், தள்ளிவிட மாட்டோம். ஆனால் சந்து வீட்டுச் சிறுமிக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டாமா? பாதுகாப்பான களம் ஒன்று ஊரில் இருக்குமானால், அது முதலில் தேவைப்படுவது மதில் இல்லாத வீட்டுப் பெண்ணுக்குத்தானே?

"கைபேசியிலிருந்து பிள்ளைகளை மீட்க வேறு வழியில்லை" என்பாரும் உண்டு. அவர்களை ஒன்று கேட்கிறோம்: உங்கள் பிள்ளை யாரோடு ஆடுவான்? அண்ணனும் தங்கையும் எத்தனை நாள் ஒருவரையொருவர் தோற்கடிப்பார்கள்? மூன்றாம் மாதம் அந்த வலையில் துணி காய்வதை நாம் கண்டிருக்கிறோம். களத்தை விலைக்கு வாங்கலாம். எதிரணியை வாங்க முடியாது.

எருசலேமின் மீட்பைக் கண்ட இறைவாக்கினர் செக்கரியா, அந்நகரின் தெருக்களில் சிறுவரும் சிறுமியரும் நிறைந்து விளையாடுவதைக் கண்டார். செல்வர் இலாசர் உவமையில், செல்வர் இலாசரை அடித்தார் என்றோ விரட்டினார் என்றோ நம் ஆண்டவர் சொல்லவில்லை. வாயிலருகே அவர் கிடந்தார், அவ்வளவே. அந்த வாயிற்கதவு இன்று நம் வீட்டில் இருக்கிறது.

ஆகவே வெளிப்படையாகக் கேட்கிறோம். ஆலய வளாகத்துக் கற்களைப் பெயர்த்து, கார்களை வெளியே நிறுத்தி, திடலைப் பிள்ளைகளிடம் திருப்பித் தர ஒவ்வொரு பங்குப் பேரவையும் முடிவு செய்யட்டும். கொல்லையில் களம் அமைத்த குடும்பங்கள், மாலையில் ஒரு மணி நேரமாவது தம் அன்பியத்துப் பிள்ளைகளுக்கும் தெருப்பிள்ளைகளுக்கும் அதைத் திறந்துவிடட்டும். தளம் தேயும், செடி ஒடியும், சத்தம் கேட்கும். தொன் போஸ்கோவின் அண்டை வீட்டாருக்கும் அது கேட்டது.

அடுத்த முறை பந்து மதிலைத் தாண்டி விழும்போது, அதை எடுத்து வரும் பிள்ளையிடமிருந்து பந்தை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தாதிருப்போம்.