மடியில் கனம்

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பது நம் ஊர் வழக்கு. மோட்டார் பந்தயத்தில் இது தலைகீழ். அங்கே கனம் இல்லாதவனுக்கே பயம். அதுவும் வழியில் அல்ல, வழியெல்லாம் கடந்து முதலாவதாக வந்து நின்ற பிறகு, எடைமேடையின்மேல். 2024 ஜூலையில் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஜார்ஜ் ரஸ்ஸல் முதலாவதாக வந்தார். கோப்பையையும் உயர்த்திப் பிடித்தாயிற்று. அதன்பின் எரிபொருளை வடித்துவிட்டு அவருடைய மெர்சிடஸ் காரை எடைபோட்டபோது 796.5 கிலோ காட்டியது. ஃபார்முலா ஒன் காருக்கு அந்த ஆண்டு விதித்திருந்த குறைந்தபட்ச எடை 798. ஒன்றரைக் கிலோ குறைந்ததற்காக அவர் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். வெற்றி அணித்தோழர் லூயிஸ் ஹாமில்டனுக்குப் போயிற்று.

அந்த ஒன்றரைக் கிலோவில் ஒரு பகுதி தடத்திலேயே தேய்ந்து கரைந்திருக்க வேண்டும். மற்றவர்கள் இருமுறை டயர் மாற்றியபோது ரஸ்ஸல் ஒரே முறை மாற்றி, நைந்த ரப்பரின்மேல் நெடுந்தொலைவு ஓட்டினார். மற்றத் தடங்களில் முடிவுக்கொடி விழுந்ததும் ஓட்டுநர்கள் தட ஓரமாக ஒதுங்கி, சிதறிக் கிடக்கும் ரப்பர்த் துணுக்குகளின்மேல் வேண்டுமென்றே உருட்டிக்கொண்டு வருவார்கள். சூடான டயரில் அவை ஒட்டிக்கொள்ளும். எடை சற்றுக் கூடும். ஸ்பாவில் பந்தயம் முடிந்தபின் முழுச் சுற்று வருகிற வழக்கமில்லை. ஆகவே பொறுக்கவும் வழியில்லை. மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறந்தவர்கள் கடைசியில் குப்பை பொறுக்குகிறார்களே என்று சிரிக்கத் தோன்றும். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது. கோடிக்கணக்கில் செலவழித்து ஒவ்வொரு திருகாணியிலும் குன்றிமணி எடையைக் குறைப்பவர்கள், பிறகு ஏன் கனத்தைத் தேடி அலைகிறார்கள்?

எடைக்கு அடியில் ஒரு கோடு இல்லாவிட்டால் பொறியாளன் எங்கேயும் நிற்க மாட்டான் என்பதே விடை. ஃபார்முலா ஒன்னில் 1961இல் 450 கிலோ என்று அந்தக் கோடு போடப்பட்டது. கோடு போட்ட பின்னும் அதை ஒட்டிக்கொண்டே, எவ்வளவு மெல்லியதாக இழைக்கலாம் என்ற போட்டி ஓயவில்லை. லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மன் இதில் மேதை. அவரிடம் ஓட்டிய யோகன் ரிண்ட் 1969இல் பார்சிலோனாவில் காரின் இறக்கை முறிந்து விபத்துக்குள்ளானார். அதன்பின் சாப்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் கார்கள் போதிய வேகமுள்ளவை. சில பவுண்டு எடையைக் கூட்டி வலுக்குறைந்த பாகங்களைப் பலப்படுத்தினாலும் நாம் வெல்லலாம் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு செப்டம்பரில் மோன்ஸா தடத்தில், பயிற்சியின்போது, முன்சக்கரத்தின் பிரேக் தண்டு முறிந்து ரிண்ட் இறந்துபோனார். அவ்வாண்டின் சாம்பியன் பட்டம் இறந்தவருக்கே வழங்கப்பட்டது. குறைந்தபட்ச எடை என்ற விதியைக் கேலி செய்பவர்களிடம் நான் இந்தக் கடிதத்தைத்தான் நினைவூட்டுவது வழக்கம்.

சரி, கோட்டுக்குக் கீழே கார் இளைத்துவிட்டது. மீதியை நிரப்ப வேண்டும். நிரப்பும் பொருளுக்குப் பேலஸ்ட் என்று பெயர். கப்பலின் அடித்தளத்தில் கல்லும் மணலும் இட்டு நிலைநிறுத்திய காலத்துச் சொல். தொடக்கத்தில் ஈயம். இப்போது பெரும்பாலும் டங்ஸ்டன். ஒரு லிட்டர் பால் பிடிக்கும் பாத்திரத்தில் ஈயத்தை நிரப்பினால் 11 கிலோவுக்குச் சற்று மேல். டங்ஸ்டனை நிரப்பினால் 19 கிலோவுக்கும் மேல். சிறு தகடுகளாக்கித் தரைப்பலகைக்கு நெருக்கமாக, வேண்டிய இடத்தில் பொருத்தலாம். கருவி கொண்டு திறந்தாலன்றி அகற்ற முடியாதபடி இறுக்கியிருக்க வேண்டும் என்பது விதி.

இங்கேதான் விஷயம் சுவையாகிறது. கட்டாயமாகச் சுமக்கும் இந்தக் கனம் வெறும் தண்டம் அல்ல. எஞ்சினின் கனம் எஞ்சின் இருக்கும் இடத்தில்தான் இருக்கும். பேலஸ்டின் கனத்தையோ நாம் விரும்பிய இடத்தில் வைக்கலாம். தாழ வைத்தால் காரின் ஈர்ப்பு மையம் தாழும். வளைவில் கார் சாய்வது குறையும். முன்னே நகர்த்தினால் முன்டயர்களின் பிடிப்பு மாறும். எனவே, 20 கிலோ இளைத்த காரில் 20 கிலோ டங்ஸ்டனைச் சேர்த்தவனும், இயல்பாகவே சரியான எடையில் இருப்பவனும் எடைமேடையில் சமம். தடத்தில் சமம் அல்ல. முன்னவன் கையில் 20 கிலோ சுதந்திரம் இருக்கிறது. 2011இல் எல்லா அணிகளுக்கும் புதிதாக ஒரே நிறுவனத்தின் டயர் வந்தபோது, முன்பின் எடைப் பங்கீட்டையே விதி ஒரு குறுகிய எல்லைக்குள் கட்டிப்போட வேண்டியிருந்தது. அந்தச் சுதந்திரத்தின் மதிப்பு அவ்வளவு.

சுதந்திரம் என்றால் கள்ளத்தனமும் உடன்வரும். 1982இல் சில அணிகள் பிரேக்கைக் குளிர்விக்க என்று சொல்லிப் பெரிய தண்ணீர்த் தொட்டி வைத்தன. தண்ணீர் தொடக்கத்திலேயே வெளியேறிவிடும். கார் கோட்டுக்குக் கீழான எடையில் ஓடும். எடைபோடும் முன் மறுபடி நிரப்பிக்கொள்வார்கள், ஏனெனில் குளிர்விப்பு நீரை நிரப்பிக்கொள்ள விதி அனுமதித்தது. பிரேசிலில் முதலிரண்டு இடங்களைப் பிடித்த பிகேயும் ரோஸ்பெர்க்கும் இதனால் நீக்கப்பட்டார்கள். அந்தத் தகராற்றில் பல அணிகள் புறக்கணிக்க, அடுத்து வந்த இமோலா பந்தயத்தில் 14 கார்களே நின்றன. 1984இல் டிரெல் அணி ஒருபடி மேலே சென்றதாகக் குற்றம்சாட்டப்பட்டது. பந்தயம் முடியும் தறுவாயில் அவர்கள் நிரப்பிய தண்ணீரோடு ஈயக் குண்டுகளும் தொட்டிக்குள் சென்றன. மார்ட்டின் பிரண்டல் இரண்டாவதாக வந்த டெட்ராய்ட் பந்தயத்துக்குப் பின் விவகாரம் வெடித்து, அவ்வாண்டின் புள்ளிகள் அனைத்தையும் அணி இழந்தது. இதில் அரசியலும் இருந்தது என்று எழுதுபவர்கள் உண்டு; இருந்திருக்கலாம். ஆனால் ஈயம் ஈயம்தான். 2005இல் இமோலாவில் ஜென்சன் பட்டனின் கார் எரிபொருளோடு 606.1 கிலோ, வடித்தபின் 594.6, தேவைப்பட்டது 600. பெட்ரோலையே பேலஸ்டாகச் சுமந்த அந்த அணிக்கு மேலும் இரண்டு பந்தயங்கள் தடை விதிக்கப்பட்டது.

இவையெல்லாம் திருட்டுக் கதைகள், படிக்கச் சுவையானவை. என் மனத்தை உறுத்துவது திருட்டே இல்லாமல், விதிக்கு முற்றிலும் உட்பட்டு நடந்த ஒன்று.

1995 முதல் ஃபார்முலா ஒன்னில் காரையும் ஓட்டுநரையும் சேர்த்தே எடைபோட்டார்கள். இருவருக்குமாக 595 கிலோ. பார்வைக்கு நியாயமான ஏற்பாடு. குள்ளனும் நெட்டையனும் எடைமேடையில் ஒன்றுதானே. ஆனால் மேலே சொன்ன கணக்கை இதில் பொருத்திப் பாருங்கள். ஓட்டுநர் ஐந்து கிலோ இளைத்தால், உயரமான இடத்திலிருந்த ஐந்து கிலோ சதை மறைந்து, அதற்கு ஈடாகத் தரைமட்டத்தில் ஐந்து கிலோ டங்ஸ்டன் வருகிறது. மொத்த எடை மாறவில்லை, கார் வேகமாகிவிட்டது. மனித உடம்பு அந்தக் கணத்தில் காரின் ஒரு பாகமாகிறது. அதிலும் செலவே இல்லாமல் இளைக்க வைக்கக்கூடிய பாகம். காற்றுச் சுரங்கத்தில் மாதக்கணக்கில் ஆராய்ந்து பெற வேண்டிய வேகத்தை, ஒரு மனிதன் இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்துக் கொண்டுவந்துவிடலாம். எந்த அணித்தலைவர்தான் வேண்டாம் என்பார்?

கார்கள் கோட்டுக்கு மேலே கனத்துவிட்ட ஆண்டுகளில் நிலைமை இன்னும் கொடிது. 2009இல் பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைச் சேமிக்கும் கருவி வந்தது. அதைப் பொருத்தினால் பேலஸ்டுக்கு மிச்சமே இல்லை. பிஎம்டபிள்யூ சாபர் அணி ஆஸ்திரேலியாவில் அதை ஹைட்ஃபெல்டின் காரில் பொருத்தியது. உயரமான ராபர்ட் குபிட்சாவின் காரில் பொருத்தவில்லை. ஒருவருடைய எலும்பின் நீளம் அவருக்கு எந்த எந்திரம் கிடைக்கும் என்பதைத் தீர்மானித்தது. 2014இல் கலப்பு எஞ்சின்கள் வந்தன. குறைந்தபட்ச எடை 642இலிருந்து 691 ஆக உயர்த்தப்பட்டும் அது போதவில்லை. அட்ரியன் சூட்டில் குடிநீர்க் குப்பி இல்லாமலேயே ஓட்டினார். ஜான் எரிக் வெர்ன், மெலிவதற்காக மேற்கொண்ட பத்தியத்தால் தளர்ந்து மருத்துவமனைக்குப் போக நேர்ந்ததைப் பிறகு வெளியே சொன்னார். வெப்பம் மிகுந்த பந்தயத்தில் இரண்டு மூன்று கிலோ வியர்வையாகவே வெளியேறிவிடும் தொழிலில் தண்ணீரை விட்டுவிட்டுப் போவது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். யாரும் எந்த விதியையும் மீறவில்லை.

2019இல்தான் ஓட்டுநரைத் தனியாகப் பிரித்தார்கள். ஓட்டுநர், இருக்கை, உடுப்பு எல்லாம் சேர்த்து 80 கிலோ. குறைந்தால் அந்தக் குறையை ஓட்டுநரின் இருக்கையை ஒட்டியே பேலஸ்டாக வைக்க வேண்டும். தரையடியில் கொண்டுபோய் ஒளிக்க முடியாது. 2025இல் அது 82 ஆயிற்று. கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும் எளிய விதி. இதற்கு 24 ஆண்டுகள் ஆனதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தெரியாமல் இருந்ததாகவும் சொல்வதற்கில்லை. அமெரிக்காவின் இண்டிகார் தொடரில் இதே வாதம் 2005இலேயே எதிர்த்திசையிலிருந்து எழுந்தது. அங்கே காரை மட்டுமே எடைபோட்டார்கள். ஆகவே மெலிந்தவருக்கு நேரடி லாபம். அவ்வாண்டு இண்டியனாபோலிஸ் 500இல் டானிகா பாட்ரிக் முன்வரிசை வேகத்தைக் காட்டியபோது, அவருடைய உடல் எடையை முன்வைத்து ராபி கார்டன் வெளிப்படையாகவே ஆட்சேபித்தார். அதை ஒரு பெண்ணின்மேல் கொண்ட காழ்ப்பு என்று பலர் தள்ளினார்கள். தொனியில் காழ்ப்பு இருந்திருக்கலாம், கணக்கில் பிழையில்லை. 2008இல் ஓட்டுநரின் எடையையும் கருதிச் சமன்செய்யும் விதி வந்தது. அதே 2008 ஏப்ரலில், ஜப்பானின் மோட்டெகியில், இண்டிகார் பந்தயம் ஒன்றை வென்ற முதல் பெண் என்ற பெயரை பாட்ரிக் பெற்றார். தன் பங்குக் கனத்தைச் சுமந்துகொண்டே வென்றார். அவரைப் பற்றிய வாய்களை அடைத்ததும் அந்தக் கனம்தான்.

இதோடு சேர்த்துக் குழப்பப்படும் இன்னொரு சுமையும் உண்டு: வென்றவனின் தலையில் ஏற்றுவது. குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த பழக்கம் இது. திறமையான குதிரையின் சேணத்தில் ஈயம் வைப்பார்கள். 1930இல் மெல்போர்ன் கோப்பையை வென்ற ஃபார் லாப் மறு ஆண்டு 68 கிலோ சுமந்து எட்டாவதாக வந்தது. ஜப்பானின் சூப்பர் ஜிடி தொடரில் ஈட்டிய புள்ளி ஒன்றுக்கு 2 கிலோ என்று கார்களில் ஏற்றிக்கொண்டு போவார்கள். நம் கோவை நரேன் கார்த்திகேயன் 2019இல் ஓட்டிய தொடர் அது. பிரிட்டனின் சுற்றுலாக்கார் பந்தயம் 2022இல் இவ்வழக்கத்தைக் கைவிட்டது. பார்வையாளருக்கு விறுவிறுப்பு கிடைக்கிறது, மறுக்கவில்லை. எனக்கு அதில் மனம் ஒட்டுவதில்லை. பிறந்த உடம்பின் வேறுபாட்டைச் சமன்செய்வது ஒன்று. உழைப்பின் பலனைச் சமன்செய்வது வேறொன்று.

2025 அக்டோபரில் சிங்கப்பூரில் முதன்முறையாகக் கடும் வெப்ப எச்சரிக்கை அறிவிக்கப்பட்டுப் பந்தயம் நடந்தது. ஓட்டுநர்கள் குளிரூட்டும் மேலுடுப்பு அணியலாம். அணிய மறுப்பவர் அதற்கு ஈடாக அரைக் கிலோ பேலஸ்ட் சுமக்க வேண்டும். அந்த அரைக் கிலோ இல்லாவிட்டால், வெந்துபோகச் சம்மதிப்பவனுக்கு அரைக் கிலோ பரிசு என்றாகியிருக்கும். பேலஸ்ட் பற்றி நான் படித்த விதிகளில் மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் இந்த அறிவு உச்சியில் மட்டுமே இருக்கிறது. எல்லா ஓட்டுநர்களும் தொடங்கும் இடமான கார்ட் பந்தயங்களில் வண்டியும் பிள்ளையும் இன்றும் சேர்ந்தே எடைமேடை ஏறுகிறார்கள். சிறு பிள்ளையின் இருக்கையில் ஈயத் தகடுகளை முடுக்குவார்கள். அதில் கேடில்லை. வகுப்பின் எடையைத் தாண்டி வளர்ந்துவிட்ட பிள்ளையிடம் முடுக்குவதற்கு ஒன்றுமில்லை. கழற்றுவதற்கும் வண்டியில் ஒன்றுமில்லை. பதின்மூன்று, பதினான்கு வயது. எலும்பு நீளும் பருவம். பந்தயத்துக்கு முந்தின வாரம் தட்டில் சோற்றைக் குறைக்கச் சொல்லும் தகப்பன். அந்த வகுப்புகளிலும் பிள்ளையைத் தனியாக எடைபோட்டு, வண்டிக்கு மட்டும் கோடு போடுவதற்குத் தேவை ஒரு கூடுதல் எடைமேடையும் இருக்கையடியில் சில கிலோ ஈயமும்தான்.