பன்னிரண்டு குக்கீக்கு நாற்பது டாலரா?

மைதா, வெண்ணெய், சர்க்கரை. இந்த மூன்றையும் பிசைந்து, சப்பாத்தி மாதிரி தேய்த்து, நட்சத்திரமாகவோ பூவாகவோ அச்சால் வெட்டி, ஓவனில் சுட்டு, மேலே கலர் கலராக ஐசிங் போட்டால் அதுதான் சுகர் குக்கீ. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ், குழந்தையின் பிறந்த நாள், பேபி ஷவர் என்று எந்த விசேஷத்தை எடுத்தாலும் மேஜையில் இது ஒரு தட்டாவது இருக்கும். பெயர் எழுதி, வயது எழுதி, குழந்தைக்குப் பிடித்த டைனோசர் வடிவத்தில் வெட்டிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுச் சமையலறையில் ஆர்டர் எடுத்துச் செய்யும் பெண்கள். ஒரு டஜனுக்கு 40 டாலர், 50 டாலர் என்று விலை சொல்வது அங்கே சகஜம்.

அந்த விலையைக் கேட்டதும் வருகிற பதிலும் சகஜம்தான். "மாவும் சர்க்கரையும்தானே? சூப்பர் மார்க்கெட்டில் ஒரு டப்பா குக்கீ சில டாலருக்குக் கிடைக்கிறதே!"

கேள்வி நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் பி.காம். படிக்கிற யாரும் இந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிடக் கூடாது. காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் பரீட்சைக்காக மட்டும் படித்து மறந்துபோகும் பேட்ச் காஸ்டிங் பாடம் இருக்கிறதே, அதை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தால் விடை தலைகீழாக வருகிறது. 40 டாலர் அதிகமே இல்லை. சொல்லப்போனால் குறைவு!

முதலில் வேலை என்ன என்று பாருங்கள். நம் ஊரில் ஒரு ஈடு இட்லி என்கிற மாதிரி, ஒரு ஈடு குக்கீ என்று வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு குக்கீக்கு மைதா 190 கிராம், வெண்ணெய் 115 கிராம், சர்க்கரை 100 கிராம், ஒரு முட்டையின் மஞ்சள் கரு, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் வெனிலா எசன்ஸ். பேக்கிங் பவுடர் வேண்டாம். போட்டால் குக்கீ உப்பி, வெட்டிய ஓரம் மழுங்கி, நட்சத்திரம் உருண்டையாகிவிடும். மாவை அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் கனத்தில் தேய்த்து, பிரிட்ஜில் வைத்து இறுக விட வேண்டும். வெண்ணெய் இளகியிருக்கும்போதே ஓவனுக்குள் போனால் வடிவம் பரந்துவிடும். 175 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம். ஓரம் நிறம் மாறத் தொடங்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

இவ்வளவுதான் குக்கீ. இதுவரை யாருக்கும் பெரிய கஷ்டம் இல்லை. கஷ்டம் எல்லாம் இதற்கு மேல்தான்.

மேலே போடுவது ராயல் ஐசிங். மாவு போலப் பொடித்த ஐசிங் சர்க்கரை, மெரிங் பவுடர் என்று விற்கும் உலர்ந்த முட்டை வெள்ளைக் கருப் பொடி, தண்ணீர், இவற்றை நன்றாக அடித்துச் செய்வது. இதை ஒரே பதத்தில் செய்தால் போதாது. ஓரத்தில் கோடு போட கெட்டியாக ஒன்று, உள்ளே நிரப்ப இளக்கமாக ஒன்று. கத்தியால் ஐசிங்கின் மேல் ஒரு கோடு கீறினால், அந்தக் கோடு பத்துப் பதினைந்து விநாடியில் மறைய வேண்டும். அதுதான் நிரப்பும் பதம். சீக்கிரம் மறைந்தால் ஐசிங் ஓரத்தைத் தாண்டி வழியும். மறையாவிட்டால் மேடு பள்ளமாக நிற்கும். ஐந்து நிறம் கேட்டிருந்தால் ஐந்து கிண்ணம், ஐந்து நிறத்துக்கும் பதம் பார்த்தல், நிறத்துக்கு ஒன்றோ இரண்டோ கூம்புப் பை. ஈரமாக இருக்கும் சிவப்புக்குப் பக்கத்தில் உடனே வெள்ளையை வைத்தால் சிவப்பு அதில் இறங்கிவிடும். ஒரு நிறம் ஆடை கட்டும்வரை அடுத்த நிறம் காத்திருக்க வேண்டும். முழுதாகக் காய ஒரு இரவு ஆகும். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் நாளில் அதுவும் போதாது.

இப்போது கணக்கு. ஓரளவு கை பழகிய ஒருவருக்கு ஆகும் நேரத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை குக்கீ செய்தாலும் மாறாத வேலை: ஆர்டர் பேசி டிசைன் முடிவு செய்ய 20 நிமிடம், மாவு பிசைய 15, ஐசிங் அடித்து ஐந்து நிறம் கலந்து பையில் அடைக்க 45, பாத்திரம் கழுவி மேஜை துடைக்க 40. மொத்தம் 120 நிமிடம். இதுதான் புத்தகத்தில் வரும் செட்-அப் காஸ்ட்.

ஒவ்வொரு குக்கீக்கும் தனித்தனியாக ஆகும் வேலை: வெட்டுதல், சுடுதல், கோடு, நிரப்புதல், பெயர் எழுதுதல், பையில் போட்டுக் கட்டுதல் எல்லாம் சேர்த்து 10 நிமிடம்.

12 குக்கீ என்றால் 120 + 120, ஆக 240 நிமிடம். நான்கு மணி நேரம். ஐசிங் காயும் நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை.

அமெரிக்காவில் மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலை முதல் மணிக்கு 7.25 டாலர். பல மாநிலங்களில் இதைவிட அதிகம். இருந்தாலும் மிகக் குறைந்ததையே வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரத்துக்கு 29 டாலர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, நிறம், பை, பெட்டி எல்லாம் சேர்த்து குக்கீக்கு 65 சென்ட் என்றால் 7.80 டாலர். மொத்தம் 36.80. விற்கும் விலை 40. மிச்சம் 3.20 டாலர்!

அந்த 3.20 டாலரில்தான் மிக்ஸர் தேய்மானம், ஓவன் மின்சாரம், கைதவறி உடைந்த குக்கீ, வரி எல்லாம் அடங்க வேண்டும். நுணுக்கமான கைவேலை தெரிந்த ஒருவருக்கு, கைவேலையே தெரியாதவருக்குச் சட்டம் தரச் சொல்கிற கூலிக்கு மேல் ஒன்றும் மிஞ்சவில்லை. அப்புறம் எங்கே லாபம்?

"அப்படியானால் நிறையச் செய்ய வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. 48 குக்கீ செய்தால் 120 + 480, அதாவது 600 நிமிடம். ஒரு குக்கீக்கு 20 நிமிடம் ஆனது பன்னிரண்டரை நிமிடமாகக் குறைகிறது. எகனாமிக் பேட்ச் குவாண்டிட்டி என்று வர்க்கமூலம் போட்டுக் கண்டுபிடிப்போமே, அந்தச் சூத்திரத்தின் அடிப்படையே இதுதான். ஒரு தடவை தயார் செய்யும் செலவை அதிக எண்ணிக்கையில் பரப்பு, மிச்சத்தைக் கிடங்கில் வை, பிறகு விற்றுக்கொள்.

இங்கேதான் சிக்கல். அந்தச் சூத்திரம் மிச்சத்தைப் பிறகு விற்க முடியும் என்று நம்புகிறது. ஒரு குழந்தையின் பெயரும் '3' என்ற எண்ணும் எழுதிய டைனோசர் குக்கீயை அடுத்த வாரம் யாருக்கு விற்பது? அந்த வீட்டுக்கு வேண்டியது பன்னிரண்டு. பதின்மூன்றாவது குக்கீக்குச் சந்தையே கிடையாது. ஆகவே அந்த 120 நிமிடத்தைப் பன்னிரண்டின் தலையில்தான் கட்ட முடியும். சூப்பர் மார்க்கெட் குக்கீயோடு இதை ஒப்பிடுவது தப்பு என்பதற்கு இதுதான் காரணம். பாக்டரியில் ஒரே டிசைன், ஒரே நிறம், மெஷினில் ஆயிரக்கணக்கில் ஓடுகிறது. அங்கே செட்-அப் செலவு ஒரு குக்கீக்குக் கணக்கில் தெரியாத அளவுக்குக் கரைந்துவிடும்.

பழைய காலத்திலும் குக்கீயைப் பெரிய ஈடாகத்தான் போட்டார்கள். அமெரிக்கர் ஒருவர் எழுதி அங்கேயே அச்சான முதல் சமையல் புத்தகம் என்று சொல்லப்படுவது, 1796-ல் அமீலியா சிம்மன்ஸ் எழுதிய 'அமெரிக்கன் குக்கரி'. அதில் ஒரு கிறிஸ்துமஸ் குக்கீ இருக்கிறது. மூன்று பவுண்டு மாவு, அதாவது கிட்டத்தட்ட 1.36 கிலோ. கூடவே ஒரு கோப்பை கொத்தமல்லி விதைப் பொடி! விரும்பிய வடிவத்தில் வெட்டிச் சுட வேண்டும். முதலில் கடினமாக இருக்கும், மண் பானையில் போட்டு வைத்தால் ஆறு மாதம் கழித்து இன்னும் நன்றாக இருக்கும் என்கிறார் அந்த அம்மா. எகனாமிக் பேட்ச் குவாண்டிட்டிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஒரு தடவை அடுப்பு மூட்டு, ஆறு மாதத்துக்குத் தின்னு. அந்தக் குக்கீயில் யார் பெயரும் எழுதவில்லை, அதனால் அது சாத்தியம். பெயர் எழுத ஆரம்பித்த அன்றே கணக்கு மாறிவிட்டது. விலையைப் பற்றிய எண்ணம்தான் இன்னும் மாறவில்லை.

இந்த எண்ணம் வாங்குபவர்களிடம் மட்டும் இல்லை. சட்டத்திலேயே இருந்தது. நியூ ஜெர்சி மாநிலத்தில் 2021 வரை வீட்டில் சுட்ட குக்கீயை விற்பது சட்ட விரோதம். அதே அடுப்பில் அதே கையால் சுட்டதை தர்ம காரியத்துக்காக விற்றால் தடையில்லை! விஸ்கான்சினிலும் இதே நிலைமை. அங்கே மூன்று பெண்கள் வழக்குப் போட, 2017-ல் ஒரு நீதிபதி அந்தத் தடை செல்லாது என்றார். நியூ ஜெர்சியிலும் வீட்டில் சுடுபவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2021 அக்டோபரில் விதி மாறியது. ஐம்பது மாநிலங்களில் கடைசியாக வழிவிட்டது அதுதான்.

யோசித்துப் பாருங்கள். அந்தத் தடைக்குச் சுகாதாரம்தான் காரணம் என்றால், தர்மத்துக்கு விற்கும் குக்கீயைத் தின்றவருக்கு மட்டும் வயிறு வலிக்காதா? சும்மா செய்தால் நல்ல மனசு, காசு கேட்டால் குற்றம். அந்த விதியின் உள்ளர்த்தம் இதுதானே? சட்டம் மாறிவிட்டது. "மாவும் சர்க்கரையும்தானே" என்று கேட்கிற வாயில் அந்தப் பழைய விதி இன்னும் உயிரோடு இருக்கிறது.

"அவர்கள் பொழுதுபோக்குக்குத்தானே செய்கிறார்கள், பிடித்துச் செய்கிற வேலைக்குக் கூலி எதற்கு?" என்று இன்னொரு வாதம் உண்டு. பிடித்துச் செய்கிற டாக்டர் பீஸ் வாங்குவதில்லையா? பிடித்துப் பாடுகிறவர் கச்சேரிக்குச் சன்மானம் வாங்குவதில்லையா? வேலை பிடித்திருப்பது அவருடைய அதிர்ஷ்டம். அதற்காக வாங்குபவருக்குத் தள்ளுபடி கிடைக்க வேண்டும் என்று எந்த அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டும் சொல்லவில்லை.

தப்பு ஒரு பக்கம் மட்டும் இல்லை. 20 டாலருக்கு ஒரு டஜன் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். சாமான் வாங்கிய 7.80 டாலர் போக 12.20 கையில் நிற்பதால் அது லாபம் மாதிரித் தெரிகிறது. முதலாளி தன் உழைப்புக்குக் கூலி எழுதாவிட்டால் சாதாரணக் கணக்குப் புத்தகத்தில் அது தெரியாது. காஸ்ட் அக்கவுண்டிங்கில்தான் அதை நோஷனல் காஸ்ட் என்று எழுதச் சொல்லித் தருகிறார்கள். எழுதினால் அந்த 12.20 லாபம், 16.80 நஷ்டமாக மாறிவிடும். அதோடு பக்கத்துத் தெருவில் நியாயமான விலை சொல்கிறவரும் கொள்ளையடிப்பவராகத் தெரிவார்.

சரி, என்னதான் வழி? விலையை இரண்டாகப் பிரித்துச் சொல்வது நல்லது. டிசைனுக்கும் நிறத்துக்கும் சேர்த்து ஆர்டருக்கு 15 டாலர், அதற்கு மேல் குக்கீக்கு 2 டாலர் என்று வையுங்கள். 12 வாங்கினால் 39, 48 வாங்கினால் 111. சின்ன ஆர்டர் ஏன் விலை கூடுதல் என்று வாங்குபவருக்கு விளக்கவே வேண்டாம், பில்லிலேயே தெரிந்துவிடும். பணம் குறைக்க நினைப்பவருக்கும் வழி உண்டு. ஐந்து நிறத்துக்குப் பதில் இரண்டு கேட்கலாம், பெயரை விட்டுவிடலாம். வேலை குறைந்தால் விலை குறையும். வேலை குறையாமல் விலை மட்டும் குறைய வேண்டும் என்றால், அந்த வித்தியாசம் சுடுபவரின் தூக்கத்திலிருந்துதான் வர வேண்டும்.

இதற்கு மேலும் விலை அதிகம் என்று தோன்றுகிறவருக்கு ஒரு யோசனை. அளவு எல்லாம் மேலே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு ஈடு செய்து பார்க்கலாம். பன்னிரண்டே குக்கீ, ஐந்தே நிறம். சாமான் செலவு எட்டு டாலர்கூட ஆகாது. திங்கட்கிழமை காலையில் ஐசிங் காய்ந்த பிறகு, அந்தப் பன்னிரண்டையும் 20 டாலருக்குக் கொடுக்க மனசு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.