கடை முதலும் வாடகை வீடும்

கடையில் நாலு காசு மிஞ்சியதும் வீடு, மனை என்று முதலீடு செய்ய நம் வணிகர்கள் முன்வருவது நல்லதே. ஆனால், கொள்முதலுக்கான பணத்தை எடுத்து அதில் முடக்குவதை நாம் ஏற்பதற்கில்லை.

கணக்கைப் பார்ப்போம். 40 லட்சத்துக்கு வாங்கிய வீட்டுக்கு மாதம் 10,000 ரூபாய் வாடகை என்றால், ஆண்டுக்கு 1,20,000. அதாவது நூற்றுக்கு 3 ரூபாய். வீட்டு வரி, வெள்ளையடிப்பு, வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் இதில்தான் கழிய வேண்டும். அதே தொகை சரக்காக இருந்தால் ஆண்டுக்குப் பலமுறை புரளும். துவரம்பருப்பு விலை இறங்கும் நாளில் சுவரை விற்றா கொள்முதல் செய்ய முடியும்?

ஆகவே, சொந்த வீடு உள்ளவர்கள் முதலில் மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடுவதே மேல் என்பது நம் கருத்து. மனைக்குப் பணம் வேண்டாம். 12 லட்சத்தில் கட்டி 6,000 வாடகை வந்தால் நூற்றுக்கு 6 ஆகிறது. திட்ட அனுமதி பெற்றே கட்ட வேண்டும். அஸ்திவாரம் தாங்குமா என்பதைப் பொறியாளர் பார்க்க வேண்டும். கொத்தனார் வாக்கு போதாது.

அந்த வாடகையைத் தனியே சேர்த்து, பிறகு வெளியில் வாங்கலாம். அப்போதும் மூலப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா இவற்றை வழக்கறிஞரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்கலாகாது.

சிட்டையில் எழுதாமல் ஒரு மூட்டை அரிசி கொடுக்காத நாம், தெரிந்தவர்தானே என்று வீட்டை மட்டும் வாய்ப்பேச்சில் விடுகிறோம். 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள தமிழக வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.