குறைந்த பணத்தில் நிறைந்த உடை

சனிக்கிழமை என்றால் திருப்பூரில் சம்பள நாள். மாலையில் பனியன் கம்பெனி வேலை முடிகிறது. வாரம் முழுவதும் பாடுபட்ட கூலி கைக்கு வருகிறது. மறுநாள் ஞாயிறு. கடைத்தெருவில் கால் வைக்க இடம் இருப்பதில்லை.

அந்தக் கூட்டத்தில் 'செக்கிங்' வேலை பார்க்கும் பெண்கள் பலர் இருப்பார்கள். கம்பெனியில் அவர்கள் வேலை என்ன? தைத்து வந்த சட்டையை மேஜையில் விரிக்க வேண்டும். உள்ளும் புறமும் புரட்ட வேண்டும். தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, கைத்துணியின் நிறமும் உடம்புத் துணியின் நிறமும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான சட்டைகள் அவர்கள் கையைக் கடந்து போகின்றன. ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. தப்பினால் மேஸ்திரி விடமாட்டார்.

அதே பெண் ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறாள். ஜிகினா வைத்த ஒரு கவுன், விளக்கு வெளிச்சத்தில் மின்னுகிறது. மகளுக்கு நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. விலையைக் கேட்கிறாள். பத்து ரூபாய் குறைக்கச் சொல்கிறாள். வாங்கி விடுகிறாள். உள்பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை. தையலை இழுத்துப் பார்க்கவில்லை. மூன்றாவது துவைப்பில் ஜிகினா உதிர்கிறது. சாயம் பக்கத்தில் கிடந்த வெள்ளைச் சட்டையிலும் ஏறிவிடுகிறது.

வெளிநாட்டுக்காரனின் சட்டையைப் பார்க்கும்போது விழித்திருக்கும் கண், தன் பிள்ளைக்குத் துணி எடுக்கும்போது ஏன் உறங்கிப் போகிறது?

ஆசை குற்றமா?

உடனே சிலர் புத்தி சொல்லக் கிளம்பி விடுவார்கள். "ஏழைக்கு எதற்கு அலங்காரம்? இருப்பதைத் துவைத்துக் கட்டினால் போதாதா?" என்பார்கள். இப்படிப் பேசுகிறவர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்.

நன்றாக உடுத்த வேண்டும் என்ற ஆசை குற்றம் அல்ல. இந்த நாட்டில் அது போராடிப் பெற்ற உரிமை. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பகுதியில், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைக்கச் சீலை போடக் கூடாது என்று ஒரு காலத்தில் தடை இருந்தது. அதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராட்டம் நடந்தது. அடியும் உதையும் பட்டார்கள். 1859-இல்தான் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்து நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதி தந்தது. அப்போதும், உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்று ஒரு நிபந்தனை வைத்தது!

காந்தியடிகள் 1921 செப்டம்பரில் மதுரையில் மேல்சட்டையைத் துறந்து, அரை வேட்டிக்கு மாறினார். அது பெரிய தியாகம். ஆனால் அவர் தாமே விரும்பித் துறந்தார். துறப்பதற்கு ஒன்றும் இல்லாதவனிடம் போய் "நீயும் துற" என்று சொல்வதில் நியாயம் இல்லை. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை பரவியது. பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே உடையில் உட்கார வேண்டும் என்பது நோக்கம். கிழிந்த சட்டை போட்ட பிள்ளை கூனிக் குறுகுவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆகையால் ஆசையைக் குறைக்க வேண்டியதில்லை. ஏமாறுவதைத்தான் குறைக்க வேண்டும். துணியைப் பற்றித் தெரியாதவன் ஏமாந்தால் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். துணிதான் பிழைப்பு என்று இருக்கும் திருப்பூர்க் குடும்பம் ஏமாறலாமா?

கையில் இருக்கும் படிப்பு

துணியின் கனத்தை இந்த ஊரில் 'ஜி.எஸ்.எம்.' என்று சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பது கணக்கு. சாதாரண டீ-சட்டைக்கு 140 முதல் 180 வரை இருக்கும். கடைக்குத் தராசு கொண்டு போக வேண்டியதில்லை. தினமும் துணி தொடும் கைக்குக் கனம் தெரியும். சட்டைக்குள் கையை விட்டு விரித்துப் பார்த்தால், விரல் அப்படியே தெரிகிற துணி நாள்பட நிற்காது.

அடுத்தது பக்கத் தையல். சட்டையின் இரண்டு தோளையும் பிடித்துத் தொங்கவிட்டால் பக்கத் தையல் நேராக இறங்க வேண்டும். கடையிலேயே அது முன்பக்கம் திரும்பியிருந்தால், துவைத்த பிறகு இன்னும் திரும்பும். கழுத்துப் பட்டியை இழுத்து விட்டால் பழையபடி சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால் ஒரே மாதத்தில் கழுத்து தொளதொள என்று தொங்கும். பிறகு எவ்வளவு விலை கொடுத்த சட்டையானாலும் தூங்கி எழுந்த சட்டை போலத்தான் தெரியும்.

சாயத்துக்கு ஒரு சோதனை உண்டு. வெள்ளைக் கைக்குட்டையின் நுனியை நனைத்து, துணியின் உள்மடிப்பில் நாலு தடவை தேய்த்தால் போதும். நிறம் ஒட்டினால் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். கடைக்காரர் முகம் சுளிக்கலாம். சுளித்துவிட்டுப் போகட்டும்.

மிச்சச் சரக்கு

திருப்பூருக்கு வேறு ஊருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. வெளிநாட்டுக்கு ஆயிரம் சட்டை கேட்டால், பழுது வந்தால் ஈடுகட்டுவதற்காகச் சில சட்டைகள் கூடுதலாகவே தைப்பார்கள். ஆர்டர் போனதும் மிச்சம் தங்கிவிடும். சில வேளை கொள்முதல் செய்தவர் நாள் தவறிவிட்டது என்று சரக்கை எடுக்காமலே விட்டுவிடுவதும் உண்டு. இந்தச் சரக்கெல்லாம் மொத்தமாக விலை பேசப்பட்டு, ரயில் நிலையத்தை ஒட்டிய காதர்பேட்டைக் கடைகளுக்கு வருகிறது. வெளியூர் வியாபாரிகள் மூட்டை மூட்டையாக வாங்கிப் போகிறார்கள். உள்ளூர்க்காரர்களில் பலர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. "அது ரிஜக்ட் சரக்கு" என்று ஒரு இளப்பம்!

ரிஜக்டில் இரண்டு வகை இருக்கிறது. லேபிளை வெட்டிய சட்டை, அளவு கலந்த சட்டை, கேட்ட நிறத்துக்கு ஒரு மாற்றுக் குறைந்த சட்டை, இவை உடுத்துகிறவருக்குக் குறையே அல்ல. வெளிநாட்டில் கேட்ட நீலம் வேறு, வந்த நீலம் வேறு. பல்லடத்திலோ அவிநாசியிலோ அது யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் பின்னல் துணியில் ஓட்டை விழுந்த சட்டை வேறு வகை. சின்ன ஓட்டைதானே என்று எடுக்கக் கூடாது. ஒரு கண்ணி அறுந்தால் அது ஏணிப்படி போல ஓடிக்கொண்டே இருக்கும். கை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம் என்ற சட்டையும் ஆகாது. இந்த வித்தியாசம் வெளியூர்க்காரருக்குத் தெரியாமல் போகலாம். செக்கிங் மேஜையில் நின்றவருக்குத் தெரியாதா?

புடைவைக்கு எங்கும் அலைய வேண்டாம். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் நெகமம் இருக்கிறது. அங்கே நெய்யும் பருத்திச் சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் பண்டிகைக் காலத்தில் தள்ளுபடி உண்டு. ஒரு நல்ல பருத்திச் சேலை, கஞ்சி போட்டுத் தேய்த்துக் கட்டினால், கல்யாண வீட்டிலும் நிமிர்ந்து உட்காரலாம். தீபாவளிக்குத் தவணையில் பட்டு எடுத்து, பொங்கல் வரை வட்டி கட்டுகிறவர்கள் இதை ஒரு தடவை யோசித்துப் பார்க்கலாம்.

கணக்குப் பார்த்தால்

300 ரூபாய்ச் சட்டை ஆறு மாதத்தில் வெளுத்துவிடுகிறது என்றால், மாதச் செலவு 50 ரூபாய். 480 ரூபாய்ச் சட்டை இரண்டு வருடம் உழைத்தால் மாதத்துக்கு 20 ரூபாய்தான். மலிவு எது? இந்தக் கணக்குக்குப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை. ஆனால் கையில் 300 மட்டுமே இருக்கும்போது இந்தக் கணக்கு உதவாது என்பதும் உண்மை. அப்போது வழி ஒன்றுதான். மூன்று வாரம் மூன்று மட்டச் சட்டை எடுப்பதற்குப் பதில், பணத்தைச் சேர்த்து வைத்து ஒன்றை எடுப்பது.

நிறத்திலும் சிக்கனம் உண்டு. சுடிதார் போடும் பெண் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை என்று இரண்டு பேண்ட் வைத்துக்கொண்டால், நாலு மேல்சட்டைக்கும் அவையே பொருந்தும். எட்டு உடை கிடைத்தாயிற்று. ஒவ்வொரு மேல்சட்டைக்கும் தனிப் பேண்ட், தனித் துப்பட்டா என்று எடுத்தால் பெட்டி நிறையும், உடை நாலுதான்.

சாயத்தின் உண்மையான விலையைத் திருப்பூர் நன்றாகவே அறியும். சாயக் கழிவு கலந்து நொய்யல் ஆறு கெட்டது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையாயிற்று. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலை இழந்து தவித்தன. ஆறு மாதத்தில் வீசி எறிகிற சட்டைக்கும் அதே தண்ணீர், அதே சாயம்தான் செலவாகிறது.

தோள் பார்த்து வாங்குவது

பார்வைக்கு அழகு எதில் இருக்கிறது? விலையில் பாதிகூட இல்லை. அளவில் இருக்கிறது. தோள் எலும்பு முடியும் இடத்தில் சட்டையின் தோள் தையல் நிற்க வேண்டும். அது சரியாக இருந்தால் மற்றதைச் சரிசெய்துவிடலாம். பக்கத்தைப் பிடிக்கலாம். நீளத்தை மடிக்கலாம். தோளை மாற்றுவது மட்டும் கஷ்டம். வளருகிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக எடுத்துப் போட்டால், பிள்ளை சட்டைக்குள் தொலைந்து போகிறான். நீளத்தில் மட்டும் இரண்டு அங்குலம் உள்ளே மடித்து வைக்க இடம் இருக்கிற பாவாடையோ கால்சட்டையோ எடுத்தால் அடுத்த வருடம் பிரித்துவிடலாம்.

திருப்பூரில் தெருவுக்குத் தெரு தையல் மெஷின் ஓடுகிறது. சின்னத் திருத்தத்துக்குப் பெரிய கூலி ஆகாது. பல வீடுகளில் வீட்டு ஆளே டெய்லர். ஆனால் ஊரார் சட்டைக்கு ஓவர்லாக் அடித்துவிட்டு வந்த அலுப்பில், வீட்டுச் சட்டைக்குப் பித்தான் தைக்க நேரம் இருப்பதில்லை. பித்தான் இல்லாத இடத்தில் ஊக்கு தொங்குகிறது.

துவைப்பதிலும் கவனம் வேண்டும். பின்னல் துணியை உள்பக்கம் திருப்பித் துவைக்க வேண்டும். கல்லில் ஓங்கி அடிக்கக் கூடாது. நிழலில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு ஹேங்கரில் தொங்கவிட்டால் தோளில் கொம்பு முளைத்தது போல நீண்டுவிடும். கொடியில் குறுக்கே போடுவதே நல்லது. புதிதாக வாங்கிய பருத்தித் துணியைத் திருத்தக் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை தண்ணீரில் நனைத்து உலர்த்திக்கொள்வதும் அவசியம். பின்னல் துணி நீளத்தில்தான் அதிகம் சுருங்கும். சுருங்கிய பிறகு அளவெடுத்துத் தைத்தால், அந்த அளவு மாறாமல் நிற்கும்.