மட்டை யார் பொறுக்குவது, எந்திரம் யார் பேரில்?

பிளாஸ்டிக்குக்கு மாற்று வேணும் என்கிறார்கள். வேணும்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க பிளாஸ்டிக் தட்டு, குவளை, கரண்டிக்கும் தடை. அந்தக் குப்பையை வெறுங்கையால் பிரித்தது நம்ம சனம். அது அடைத்த சாக்கடையில் இறக்கிவிடப்பட்டதும் நம்ம சனம். எனவே தடையை முதலில் வரவேற்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஆனால் மக்கும் பாத்திரம் நமக்கொன்றும் புதுசில்லை. டீக்கடை வாசலில் நம் பாட்டன்மார்க்கு ஊற்றிக் கொடுத்த கொட்டாங்குச்சியும் மக்கும் பொருள்தான். அது மண்ணோடு போனது, தீண்டாமை போகவில்லை. பிறகு தனிக் குவளை வந்தது. கடையில் பாத்திரத்தைத் தீண்டாமையின் பேரால் மறுப்பது குற்றம் என்று 1955-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. சட்டத்துக்குப் பயந்த கடைக்காரர்களுக்குப் பிளாஸ்டிக் கப் கைகொடுத்தது. ஊர்க்காரருக்குக் கண்ணாடி டம்ளர், காலனிக்காரருக்கு எறிகிற கப். கேட்டால் 'சுத்தம்' என்றார்கள். நாளைக்கு அதே கையில் பாக்குமட்டைக் கிண்ணத்தைத் திணித்தால் அதற்குப் பேர் சுற்றுச்சூழலா?

அடுத்தது, அதைச் செய்வது யார் என்ற கேள்வி.

நம்ம சேந்தமங்கலத்துக்கு வடக்கே வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் பாக்குத் தோப்புகள். மட்டை தானாக உதிர்கிறது, மரத்தை வெட்டவேண்டியதில்லை. பொறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, ஈரம் வடியவிட்டு, சூடான அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு. சின்ன அச்சு மாட்டினால் கரண்டி. பசை வேண்டாம், ரசாயனம் வேண்டாம். பொறுக்குவதும் கழுவுவதும் நம் பெண்கள், எந்திரமும் சந்தையும் ஆதிக்க சாதிக்காரன் கையில் என்றால் இதுவும் பழைய பண்ணை வேலைதான்.

வங்கி மேசைக்கு இந்தப்புறம் உட்கார்ந்திருப்பவன் சொல்கிறேன். விண்ணப்பத்தோடு வரும் பெண்ணிடம் முதலில் கேட்கப்படுவது, "பத்திரம் இருக்காம்மா?" நிலமே இல்லாதவள் பத்திரத்துக்கு எங்கே போவாள்? குறுந்தொழில் கடனுக்கு 10 லட்சம் ரூபாய் வரை பிணையம் கேட்கக்கூடாது என்று 2010-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. சின்ன அச்சு எந்திரம் அந்தத் தொகைக்குள் அடங்கும். 2023-இல் தமிழக அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீதம் முதலீட்டு மானியம், 6 சதவீதம் வட்டி மானியம். இது யாரும் போடும் பிச்சையல்ல, நம் பங்கு. தனியாகப் போனால் திருப்பி அனுப்புவார்கள். குழுவாகப் போங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அரசு விழாக்களுக்கான தட்டுகளை இந்தக் குழுக்களிடமே வாங்கு என்று கேட்போம். டீக்கடையில் எல்லாருக்கும் ஒரே டம்ளர் என்றும் கேட்போம். ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை மறக்கச் சொன்னால் ஏற்கமாட்டோம்.