பவுலர் பேட் பிடிக்கணுமா, வேண்டாமா? இம்பேக்ட் பிளேயர் விதியால் தர்மபுரி பசங்களுக்கு என்ன லாபம், என்ன நஷ்டம்?

ஐபிஎல் தொடரில் 2023-ல் வந்த 'இம்பேக்ட் பிளேயர்' விதி, 2027 சீசன் வரை தொடரும் என பிசிசிஐ அறிவித்துள்ளது. அதுக்கு அப்புறம் இந்த விதி இருக்குமா, போகுமா என்பது அணி உரிமையாளர்களின் கவலை மட்டும் இல்லை. தர்மபுரி, பென்னாகரம், அரூர் பக்கம் டென்னிஸ் பந்தில் ஆட ஆரம்பித்து, ஒருநாள் பெரிய அணிக்குப் போகணும் என்று நினைக்கிற பசங்களுக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. பந்துவீச்சை மட்டும் கத்துக்கிட்டா போதுமா, பேட்டிங்கும் வேணுமா என்ற கேள்விக்கு இந்த விதிதான் இப்போது பாதி பதிலைச் சொல்கிறது.

விதி என்ன சொல்கிறது?

டாஸ் போட்டதும் ஒவ்வொரு அணியும் 11 பேர் கொண்ட பட்டியலுடன், கூடுதலாக 5 பேரின் பெயரையும் கொடுக்கும். ஆட்டத்தின் நடுவில் அந்த 5 பேரில் ஒருவரை உள்ளே கொண்டுவரலாம். அவருக்காக வெளியே போனவர் மறுபடி அந்த ஆட்டத்தில் விளையாட முடியாது. ஆனால் உள்ளே வந்தவர் முழுசா பேட் பண்ணலாம், 4 ஓவரும் போடலாம். முதல் 11 பேரில் 4 வெளிநாட்டு வீரர்கள் இருந்தால், உள்ளே வருபவர் இந்தியராக இருக்க வேண்டும்.

2023 மார்ச் 31 அன்று அகமதாபாத்தில் நடந்த முதல் ஆட்டத்திலேயே இது எப்படி வேலை செய்யும் என்று தெரிந்துவிட்டது. சென்னை சூப்பர் கிங்ஸ் பேட்டிங் முடித்ததும் அம்பதி ராயுடுவை வெளியே எடுத்து, பந்துவீச்சாளர் துஷார் தேஷ்பாண்டேவை இறக்கியது. அதாவது பேட்டிங்குக்கு ஒரு ஆள், பவுலிங்குக்கு வேறொரு ஆள். குஜராத் அணியோ காயமடைந்த கேன் வில்லியம்சனுக்குப் பதிலாக, சென்னையைச் சேர்ந்த சாய் சுதர்சனை இறக்கியது.

அமெரிக்காவில் 50 வருஷமா நடந்த சண்டை

இது கிரிக்கெட்டுக்குப் புதுசு, விளையாட்டு உலகத்துக்குப் பழசு. பேஸ்பாலில் பந்து வீசுபவரை 'பிட்சர்' என்பார்கள். நம்ம ஊர் 11-வது ஆட்டக்காரர் மாதிரி, பெரும்பாலான பிட்சர்களுக்கு பேட்டிங் சுத்தமா வராது. அதனால் அமெரிக்கன் லீக் 1973-ல், பிட்சருக்குப் பதிலாக பேட் மட்டும் பிடிக்க ஒருவரை அனுமதித்தது. அவர் பெயர் 'டெசிக்னேட்டட் ஹிட்டர்'. அவர் ஃபீல்டிங்குக்கு வரவே தேவையில்லை.

இன்னொரு பெரிய லீக்கான நேஷனல் லீக் இதை ஏற்கவில்லை. ஆடுகிறவர் எல்லாமே செய்யணும், எப்போது பிட்சரை எடுப்பது என்று கேப்டன் ஸ்தானத்தில் இருக்கும் மேனேஜர் யோசிப்பதுதான் சுவாரஸ்யம் என்றார்கள் அதன் ஆதரவாளர்கள். கொரோனா காலமான 2020-ல் மட்டும் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டு, கடைசியில் 2022-ல் அந்த லீக்கும் நிரந்தரமாக மாறியது. இப்போது இரண்டு லீக்கிலும் ஒரே விதி.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பந்தும் வீசி பேட்டும் பிடிக்கும் ஜப்பான் வீரர் ஷோஹே ஓஹ்தானிக்கு இந்த மாற்றத்தால் நஷ்டம் வரக்கூடாது என்று, அதே 2022-ல் தனி ஏற்பாடும் செய்தார்கள். பந்துவீச்சில் இருந்து எடுக்கப்பட்ட பிறகும் அவர் பேட்டிங்கைத் தொடரலாம். ஒரு வேலை மட்டும் தெரிந்தவருக்கு இடம் கொடுத்தபோதும், இரண்டும் தெரிந்தவரை அவர்கள் தண்டிக்கவில்லை.

விதியால் யாருக்கு லாபம்?

முதல் லாபம், கூடுதல் வாய்ப்பு. ஒரு ஆட்டத்தில் இரண்டு அணிகளுக்கும் சேர்த்து இரண்டு இந்திய வீரர்களுக்குக் கூடுதலாக இடம் கிடைக்கிறது. பிசிசிஐ செயலாளராக இருந்தபோது ஜெய் ஷா 2024-ல் சொன்ன முக்கியமான காரணமும் இதுதான். ரவிச்சந்திரன் அஸ்வினும் இந்த விதிக்கு ஆதரவாகப் பேசியிருக்கிறார். ஆட்டத்தில் வியூகத்துக்கு இடம் கூடுகிறது என்பது அவர் வாதம்.

பேட்டிங் தெரியாத வேகப்பந்து வீச்சாளருக்கும் இது நிம்மதி. தர்மபுரியின் பக்கத்து மாவட்டமான சேலத்தில், சின்னப்பம்பட்டி கிராமத்தில் இருந்து வந்தவர் டி.நடராஜன். டென்னிஸ் பந்தில் தொடங்கி, 2016-ல் டிஎன்பிஎல், 2017-ல் 3 கோடி ரூபாய்க்கு பஞ்சாப் அணி, 2025 சீசனுக்கு 10.75 கோடிக்கு டெல்லி அணி என்று அவரை மேலே கொண்டுபோனது யார்க்கர்தான், பேட்டிங் இல்லை. அவரைப் போன்ற ஒருவரை அணியில் எடுக்க, 'பேட்டிங் வரிசை குட்டையாகிவிடுமே' என்று இனி யோசிக்கத் தேவையில்லை.

சரி, நஷ்டம் யாருக்கு?

ஆல்-ரவுண்டருக்கு. இரண்டு வேலைக்கு இரண்டு நிபுணர்களை வைத்துக்கொள்ள முடியும் என்றால், இரண்டும் ஓரளவு தெரிந்தவர் எதற்கு? 2024 ஏப்ரலில் ரோஹித் சர்மா இதையே வெளிப்படையாகச் சொன்னார். தனக்கு இந்த விதி பிடிக்கவில்லை என்றும், ஆல்-ரவுண்டர்களின் வளர்ச்சியை இது தடுக்கிறது என்றும் கூறிய அவர், ஷிவம் துபே, நம்ம வாஷிங்டன் சுந்தர் ஆகியோரின் பெயரைக் குறிப்பிட்டார். அந்த சீசனில் துபே சென்னை அணிக்காக சிக்ஸர்களாக அடித்தார், ஆனால் பெரும்பாலான ஆட்டங்களில் ஒரு பந்துகூட வீசவில்லை.

இன்னொரு நஷ்டம் பந்துவீச்சாளர்களுக்கு. 8-வது, 9-வது இடம் வரை பேட்ஸ்மேன் இருப்பதால், விக்கெட் போகுமோ என்ற பயமே இல்லாமல் முதல் ஓவரில் இருந்து அடிக்கிறார்கள். 2022-ல் 18 முறை எட்டப்பட்ட 200 ரன், 2023-ல் 37 முறையும் 2024-ல் 41 முறையும் எட்டப்பட்டது. 2024-ல் ஹைதராபாத் 287 ரன் குவித்தது. தட்டையான ஆடுகளம், சின்ன மைதானம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் கூடுதல் பேட்ஸ்மேன் தரும் தைரியத்தை ஒதுக்கிவிட முடியாது.

விதிவிலக்கும் உண்டு. 2024 மே மாதம் சேப்பாக்கத்தில் நடந்த இரண்டாவது தகுதிச்சுற்றில், ஹைதராபாத் இம்பேக்ட் பிளேயராக இறக்கியது ஷாபாஸ் அகமது என்ற ஆல்-ரவுண்டரை. அவர் 18 ரன் அடித்து, 3 விக்கெட்டும் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார்.

உண்மையான சிக்கல் எங்கே இருக்கிறது?

பேஸ்பாலில் கடைசியில் எல்லாரும் ஒரே விதிக்கு வந்தார்கள். இந்திய கிரிக்கெட்டில் நடந்தது நேர் எதிர். தர்மபுரியில் இருந்து கிளம்பும் ஒரு பையன் ஏற வேண்டிய படிகளைப் பாருங்கள்.

பள்ளி, மாவட்ட அளவிலான ஆட்டங்களில் இம்பேக்ட் பிளேயர் என்ற பேச்சே இல்லை. டிஎன்பிஎல்லில் 2023 முதல் உண்டு. மாநிலங்களுக்கு இடையிலான சையது முஷ்டாக் அலி டி20 தொடரில் 2022-ல் சோதனையாகக் கொண்டுவந்த பிசிசிஐ, 2024-25 சீசனில் அதை எடுத்துவிட்டது. ஐபிஎல்லில் உண்டு. இந்திய அணியில் கிடையாது. ஒவ்வொரு படிக்கும் ஒரு விதி.

கடைசிப் படியில் என்ன தேவைப்படுகிறது என்பதற்கு 2024 ஜூன் 29 சாட்சி. டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராக இந்தியா 34 ரன்னுக்கு 3 விக்கெட்டை இழந்திருந்தது. அப்போது இறங்கி 31 பந்தில் 47 ரன் அடித்தவர் அக்சர் படேல், முதலில் ஒரு சுழற்பந்து வீச்சாளர். இந்தியா ஜெயித்தது வெறும் 7 ரன்னில். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டிலும் இதே கதைதான். 6 விக்கெட்டுக்கு 186 என்று தடுமாறிய இந்தியாவை, பந்துவீச்சாளர்களான ஷர்துல் தாக்கூரும் வாஷிங்டன் சுந்தரும் 123 ரன் சேர்த்துத் தூக்கிவிட்டார்கள். நடராஜனின் முதல் டெஸ்டும் அதுதான்.

நடுவழி ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. 2005-ல் ஐசிசி ஒருநாள் போட்டிகளில் 'சூப்பர் சப்' என்ற விதியைக் கொண்டுவந்தது. அதில் உள்ளே வருபவர், வெளியே போனவர் மிச்சம் வைத்த வேலையை மட்டும் செய்யலாம். ஏற்கெனவே அவுட் ஆனவருக்குப் பதிலாக வந்தால் பேட் பிடிக்க முடியாது. ஆனால் அந்த ஆளின் பெயரை டாஸுக்கு முன்னாடியே சொல்ல வேண்டியிருந்ததால், டாஸ் தோற்ற அணி மாட்டிக்கொண்டது. 2006 மார்ச்சோடு அந்த விதி போய்விட்டது.

இரண்டு விதிகளிலும் உள்ள நல்லதை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும். டாஸுக்குப் பிறகு பெயர் சொல்லலாம், ஆனால் மிச்சம் இருக்கும் வேலையை மட்டும்தான் செய்யலாம் என்று வைத்தால், வாய்ப்பும் குறையாது, ஆல்-ரவுண்டரின் மதிப்பும் கூடும். முழுசா எடுத்துவிடுவது, அப்படியே தொடர்வது என்பவை மற்ற இரண்டு வழிகள்.

பசங்க என்ன செய்யலாம்?

2028 சீசனுக்கான முடிவு வரும்போது, இன்று 14 வயதில் பந்து வீசிப் பழகும் பையன் மாவட்ட அணித் தேர்வுக்கு நிற்கும் வயதில் இருப்பான். அந்தத் தேர்வில் அவனுக்குப் பதிலாக பேட் பிடிக்க யாரும் வரமாட்டார்கள். பயிற்சியின் கடைசி 20 நிமிஷம் பேட் பிடிக்க ஒதுக்குவதற்கு பெரிய செலவும் இல்லை. யார்க்கரை விட்டுவிட வேண்டாம், அதுதான் கதவைத் திறக்கும். ஆனால் அணிக்கு 10 பந்தில் 15 ரன் தேவைப்படும்போது கிரீஸில் நிற்கத் தெரிந்த பவுலருக்கு, விதி எப்படி மாறினாலும் அணியில் இடம் இருக்கும்.